அடுத்தவர் காசில் கஞ்சம் பிடித்தவர்

உத்தமபாளையத்தில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த அறைக்குள் போகிறவர்களுக்கு முதலில் உறைப்பது, ஃபேன் ஓடவில்லை என்பதுதான். சித்திரை மாதத்திலும் ஓடாது. கட்சிக்காரர் வந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்து, கையில் இருக்கிற காகிதத்தை விசிறியாக்கி நாலு வீசு வீசிய பிறகு வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்து, "ஃபேன் போடவா?" என்று கேட்பார். அவர் கேட்கிற தோரணைக்கு எப்பேர்ப்பட்ட ஆளும் "வேணாங்க, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடுவார். நானும் அப்படித்தான் சொன்னேன். முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் அவர் பெயர் போட்ட பலகை கிடையாது. அவருக்கு முன்னால் அந்த அறையில் இருந்த இன்சூரன்ஸ் ஏஜெண்டின் பலகையே தொங்கிக்கொண்டிருந்தது. "இன்சூரன்ஸ் போர்டு போட்ட மாடி" என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள், பிறகு எதற்குப் பெயிண்டருக்குக் காசு என்பது அவர் கட்சி. அதனால் நானும் அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எங்களுக்கெல்லாம் அவர் வக்கீலம்மாதான்.

கறுப்பு கவுனின் ஓரம் பிரிந்து நீல நூலால் தைத்திருக்கும். ஒரு டீ வரவழைத்து, டைப் அடிக்கிற அக்காவும் அவருமாக இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்பார்கள். கட்சிக்காரருக்கு டீ என்ற பேச்சே கிடையாது. யாரையாவது போனில் கூப்பிட வேண்டுமென்றால் மிஸ்டு கால் கொடுப்பார். இப்போதெல்லாம் பேசுவதற்குத் தனிக்காசு இல்லை வக்கீலம்மா என்று டைப் அடிக்கிற அக்கா சொன்னதற்கு, "பழக்கத்த விட்டா திரும்ப வராதுத்தா" என்றாராம். கோர்ட்டு வாசலில் மற்ற வக்கீல்கள், தன் நிழல் தேய்ந்துவிடும் என்று அந்தம்மா வெயிலில் நிற்பதில்லை என்று கேலி பேசுவார்கள்.

சொந்தக் காசில் கஞ்சம் பிடிக்கிறவர்களை எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் காட்டலாம். அடுத்தவர் காசில் கஞ்சம் பிடித்த ஆள் என்று நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். ஃபீஸை எடுத்து நீட்டினால்கூட "இது எதுக்கு?" என்பார். எதற்கென்று நாம் சொல்லி, அவருக்குச் சரியென்று பட்டால்தான் கை நீளும்.

நான் அவரிடம் போனது விவாகரத்துக்காக. அதற்கு முன் தேனியில் ஒரு வக்கீலிடம் நடந்துகொண்டிருந்தேன். "ஒங்க வீட்டுக்காரர ஒரு வழி பண்ணிருவோம்" என்று அவர் முதல் நாளே சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு வழியும் பண்ணவில்லை. வாய்தா வாங்கினார், அதற்கு ஃபீஸும் வாங்கினார். என் கணவராக இருந்த முருகேசனும் அதே மாதிரி ஒருவரை வைத்திருந்தார். கூட வாழ்ந்த காலமெல்லாம் அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. மனுவில் எழுதும்போதுதான் முதலில் சொன்னேன், இப்போது பழகிவிட்டது.

எங்கள் இருவருக்கும் பொதுவில் இரண்டு சொத்து. கம்பத்தில், மகளின் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு வீடு. சுருளிப்பட்டிப் பக்கம் கொஞ்சம் திராட்சைத் தோட்டம். தோட்டத்துக்குக் கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்துப் பந்தல் போட்டதில் ஒரு கடனும் இருந்தது. வழக்கு போன போக்கில், ஒரு வக்கீலுக்கு வீடும் மற்றவருக்குத் தோட்டமும் போய்ச் சேரும்போல இருந்தது. எனக்கு வேண்டியது வீடு. அப்போது நானும் மகளும் என் தம்பி வீட்டு முன்னறையில் இருந்தோம். தம்பி பெண்டாட்டி நல்லவள்தான், ஆனால் சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வந்தது. மகள் பத்தாவது போகப்போகிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு வாடகை வீடு தேடி அலையக்கூடாது என்பதுதான் என் ஒரே கவலை.

அப்போதுதான் எதிர்வீட்டு பாத்திமா அக்கா சொன்னார். "உத்தமபாளையத்துல ஒரு வக்கீலம்மா இருக்காக. அவுககிட்ட போ. காசும் ரொம்ப வாங்க மாட்டாக, கதையும் ரொம்பக் கேக்க மாட்டாக."

காசு சரி. கதை கேட்கமாட்டார் என்பதை நான் நம்பவில்லை. பஸ்ஸில் போகும்போதே எதிலிருந்து ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். உட்கார்ந்ததும், "வக்கீலம்மா, கல்யாணமான புதுசுலயே..." என்று தொடங்கினேன்.

"மதி," என்றார்.

குமுளிப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் நிறைய வருவதால் அவருக்கு மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது. மதி என்றால் போதும். ஒரு நாளைக்கு அந்தச் சொல்லை எத்தனை தரம் சொல்வாரோ தெரியாது.

"ஏத்தா, இந்தக் கதைய ஒங்க அக்கா தங்கச்சிகிட்ட சொல்லு. அவுக காசு வாங்காம கேப்பாக. எங்கிட்ட சொன்னா மீட்டர் ஓடும். ஒனக்குப் பிரியணுமா?"

"ஆமா."

"அவருக்கு?"

"அவருக்கும்தான்."

"அப்பறம் எதுக்கு ரெண்டு பேரும் காச அள்ளி இறைக்கிறீக?"

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. அழ வேண்டும் என்று கைக்குட்டை கொண்டுபோயிருந்தேன், அதற்கு வேலையே வரவில்லை. நாங்கள் ஏன் பிரிந்தோம் என்ற கதையை அவர் கடைசிவரை கேட்கவில்லை. அவர் கேட்காததை உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. தோட்டத்தில் போர் போடுவதற்காக ஒருமுறை என் சங்கிலியை எனக்குச் சொல்லாமல் அடகு வைத்தார் முருகேசன். மீட்டுக் கொடுத்துவிட்டார். ஆனால் அன்றிலிருந்து அவர் எதைச் சொன்னாலும் நான் அதைத் திருப்பிப்போட்டு அடிப்பக்கம் பார்த்துவிட்டுத்தான் நம்புவேன். அந்தப் புத்தி எனக்கு ஒட்டிக்கொண்டது.

வக்கீலம்மாவின் அறையில் காத்திருப்பவர்களுக்கும் பேசுகிறவர்களுக்கும் நடுவில் கதவு கிடையாது. அதனால் அடுத்தவர் கூத்தையெல்லாம் பார்க்கலாம். ஒருநாள் தேவாரத்திலிருந்து ஒரு சின்னஞ்சிறு ஜோடி வந்தது. அவர்களோடு இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர்கள். வக்கீலம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"வேன் வெயிட்டிங்குக்கு யாரு காசு குடுக்குறது?"

பையன் பெண்ணைப் பார்த்தான், பெண் பையனைப் பார்த்தாள்.

"மொதல்ல அதுகள அனுப்பிச்சு விடுங்க. அந்த வாடகையில ஒரு பீரோ வாங்கிருக்கலாம்."

வேன்கள் போகிறவரை வாயைத் திறக்கவில்லை. பிறகு சண்டை ஒரு பித்தளை அண்டாவுக்கு என்று தெரிந்தது.

"அண்டாவுல யாரு பேரு வெட்டிருக்கு?"

"எம் பேருதான்," என்றாள் பெண்.

"அப்ப ஒன்னோடது. மதி."

"அதுக்குக் காசு குடுத்தது எங்கம்மாங்க," என்றான் பையன்.

"அப்ப ஒங்கம்மா பேர வெட்டிருக்கணும். இதுக்குக் கேஸு போட்டா நாலு அண்டா வாங்குற காசு போயிரும். போடவா?"

ஃபேன் போடவா என்று கேட்கிற அதே குரல். பையன் "வேணாங்க" என்றான்.

சண்டைதான் வேண்டும் என்று வருகிறவர்களை அவர் வைத்துக்கொள்ளமாட்டார். எதிர் மாடியைக் காட்டி, "அங்கன ஒருத்தரு இருக்காரு. நல்லா சண்டை போடுவாரு. நான் அதுக்கு லாயக்கில்ல" என்று மரியாதையாக அனுப்பிவைப்பார். அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்பதற்குக் கோர்ட்டு வட்டாரத்தில் மூன்று கதைகள் உலவின. அவரே பெரிய வழக்கு ஒன்று நடத்தித் தோற்றவர் என்று ஒரு கதை, ஜெயித்தவர் என்று ஒரு கதை, கல்யாணமே ஆகாதவர் என்று ஒரு கதை. ஒருநாள் டைப் அடிக்கிற அக்கா துணிந்து நேராகவே கேட்டுவிட்டாராம். "கன்சல்டிங் ஃபீஸ வச்சிட்டுக் கேளு" என்று பதில் வந்ததாம்.

முருகேசனை அவர் மிஸ்டு கால் கொடுத்துத்தான் வரவழைத்தார். அந்த அறையில் இருந்தது ஒரே பெஞ்சு. இரண்டு பக்கமும் வக்கீல் வைத்து ஊர் சிரிக்கச் சண்டை போட்டவர்கள், ஒரே பெஞ்சில் நடுவில் என் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். முருகேசன் என்னைவிட அரைத் தலை குட்டை. உட்கார்ந்தால் அது தெரியாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தார் என்று எங்கள் வீட்டில் வெகுநாள் கேலி செய்வார்கள். அது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்து எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"இந்தப் பக்கம் அண்ணந்தம்பி பாகம் பிரிக்கயில என்ன செய்வாக?" என்று கேட்டார் வக்கீலம்மா.

"மூத்தவரு பங்கு வைப்பாரு. இளையவரு எடுப்பாரு," என்றார் முருகேசன்.

"ஏன்?"

"எடுக்கப்போறது அடுத்த ஆளுன்னா, வைக்கிற ஆளு ஒழுங்கா வைப்பாருல்ல."

"அம்புட்டுத்தான். இதுக்கு சர்வேயர் எதுக்கு, வெல மதிக்க ஆளு எதுக்கு, ரெண்டு வக்கீல் எதுக்கு? நீங்க மூத்தவரு, நீங்க வைங்க. ஏத்தா, நீ எடு. எடுத்தா எடுத்ததுதான். ஏன் எடுத்தன்னு கேக்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. சொல்ல ஆரம்பிச்சா மீட்டர் ஓடும்."

இன்னொன்றும் சொன்னார். "பழைய கேஸ விட்டுட்டு ரெண்டு பேரும் சேந்து மனு போட்டாலும், தீர்ப்பு வர்றதுக்கு மாசம் இருக்கு. அதுக்குள்ள, புருஷன் பொண்டாட்டியா இருக்கும்போதே ஒருத்தருக்கு ஒருத்தர் பத்திரம் எழுதிக்கங்க. குடும்பத்துக்குள்ள எழுதுனா முத்திரைச் செலவு கொஞ்சம். தீர்ப்பு வந்துட்டா நீங்க அந்நியம். அப்பறம் எழுதுனா வெலைக்கு வாங்குற மாதிரி முழுச் செலவு."

பிரிவதற்குப் போன இடத்தில், புருஷன் பெண்டாட்டியாக இருப்பதில் உள்ள லாபத்தை ஒருவர் எடுத்துச் சொன்னது எனக்கு என்னவோபோல் இருந்தது. முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு செருப்பின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பங்கு எடுக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம் என் தம்பி சொன்னான். "அக்கா, தோட்டத்துக்குப் பக்கமா பைபாஸ் வருதாம். டீக்கடையில பேசிக்கிறாக. மாமா எத ஒம் பக்கமாத் தள்ளுறாரோ, அதுல ஏதோ இருக்கு. சூதானமா இரு." எனக்கு அவன் புதிதாக ஒன்றும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நானே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் முருகேசன் பங்கு வைத்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஒரு பக்கம் வீடு, உள்ள இருக்குற சாமானோட. ஒரு பக்கம் தோட்டம், பந்தல் கடனோட." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார்.

எனக்கு வேண்டிய வீடு, கடன் கப்பி இல்லாமல், துடைத்து வைத்ததுபோல் எதிரே இருந்தது. கையை நீட்டி எடுக்கவேண்டியதுதான். நான் எடுக்கவில்லை. இவ்வளவு சுளுவாக ஏன் வைக்கிறார்? நான் வீட்டைத்தான் எடுப்பேன் என்று இவருக்குத் தெரியும். தெரிந்துதானே வீட்டை ஒருபக்கம் தனியாக நிறுத்துகிறார்? அப்படியானால் இவர் கண் தோட்டத்தின் மேல் இருக்கிறது, பைபாஸ் வரத்தான் போகிறது, கடனைச் சேர்த்தது எனக்குப் பயம் காட்ட. புத்தி அடிப்பக்கம் அடிப்பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. சங்கிலி நினைவுக்கு வந்தது.

"தோட்டம்," என்றேன்.

வக்கீலம்மாவின் பேனா நின்றது. டைப் அடிக்கிற அக்காவும் நிறுத்திவிட்டார். வக்கீலம்மா எழுந்துபோய் ஃபேனைப் போட்டார். யாரும் கேட்காமல், யாரையும் கேட்காமல், அவரே போட்டார். மேசையில் இருந்த காகிதங்கள் பறந்தன. பிறகு டைப் அடிக்கிற அக்காவிடம் தன் பர்ஸிலிருந்து காசு எடுத்துக் கொடுத்து, "நாலு டீ வாங்கிட்டு வா. நாலு," என்றார்.

"ஏத்தா, டீயக் குடி. கீழ போயி நாலு எட்டு நடந்துட்டு வா. வந்து இன்னொருக்கா சொல்லு."

என் மூளை அப்போது எப்படி வேலை செய்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இவரும் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டார், என்னை மாற்றப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். ஃபேன் காற்றில் எனக்கு வெற்றி பெற்ற குளிர்ச்சி.

"எடுத்தா எடுத்ததுதான்னு நீங்கதான சொன்னீக?" என்றேன்.

முருகேசன் தொண்டையைச் செருமினார். "வக்கீலம்மா, அப்ப கடன மட்டும் எம் பக்கம் எழுதிக்கிறலாமா? எம் பேருலதான வாங்குனது."

"எதையும் மாத்தக்கூடாது," என்றேன் நான். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் அந்த டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார். டீயில் ஆடை கட்டியிருந்தது.

பத்திர ஆபீஸில் புருஷன் பெண்டாட்டியாகக் கையெழுத்துப் போட்டோம், செலவு குறைச்சலாகத்தான் ஆயிற்று. நான் தம்பி வீட்டுத் தெருக் கோடியில் ஒரு வாடகை வீடு பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தன் புத்தகங்களை எடுத்துவரப் பழைய வீட்டுக்குப் போனாள். வந்து சாப்பிட உட்கார்ந்தாள். பாதிச் சாப்பாட்டில் சொன்னாள்.

"அம்மா, அப்பா அடுப்படி மேடைய ஒசத்திக் கட்டிருக்காரு."

"எதுக்காம்?"

"நீ குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு வலிக்குதுன்னு சொல்லுவீல்ல. அதுக்காம். நீ பங்கு எடுக்குறதுக்கு முந்தியே கொத்தனாரு வந்து முடிச்சிட்டாராம். எப்படியும் நீ வீட்டத்தான் எடுப்பேன்னு." சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "இப்ப அவருக்கு எட்டல. பலகை போட்டு ஏறி நின்னு சமைக்கிறாரு."

இடுப்பு வலி என்று நான் அந்த வீட்டில் இருந்த காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டதாகவே காட்டிக்கொண்டதில்லை. கேட்டிருக்கிறார். அவர் ஏமாற்றியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். திட்டுவதற்கு ஆள் இருந்திருக்கும்.

மறுநாளே வக்கீலம்மாவிடம் ஓடினேன். என்ன செலவானாலும் சரி, மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், மேடை, பலகை எல்லாம். முதல்முறையாக அவர் மதி சொல்லாமல் ஒரு கதையைக் கடைசிவரை கேட்டார்.

"அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"மேட தெரியாது. அந்தாளு மொகம் தெரிஞ்சுச்சு."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல வக்கீலம்மா?" என் குரல் உயர்ந்துவிட்டது.

"நான் ரெண்டு பேத்துக்கும் பொதுவான ஆளு. இத எடு, அத எடுன்னு எப்படிச் சொல்ல?" அவருக்கும் குரல் ஏறியது. "எங்காசப் போட்டு டீ வாங்கிக் குடுத்தேனே. இந்த ரூமுல யாருக்காச்சும் நான் டீ வாங்கிக் குடுத்துப் பாத்துருக்கியா? அதுக்கு மேல என்னத்தச் செய்ய?"

அவருடைய கஞ்சத்தனத்தின் மேல் எனக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. ஒரே ஒரு சொல்லைக் கூடுதலாகச் செலவழித்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கோபம் அவருக்குச் சேரவேண்டியது இல்லை என்பதும் உடனே தெரிந்தது. சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா? அதற்கும் ஓர் அடிப்பக்கம் தேடியிருப்பேன்.

அவரே தணிந்து பேசினார். "மாத்த முடியும். தீர்ப்பு வர்ற வரைக்கும் நீங்க புருஷன் பொண்டாட்டிதான். முன்ன ஆன மாதிரி கொஞ்சம் முத்திரைச் செலவு, அம்புட்டுத்தான். திருப்பி எழுதிக்கிறலாம். ஆனா அவரு ஒத்துக்கணும்."

"நோட்டீஸ் அனுப்புவமா?"

"கூறுகெட்டவளே," என்றார். அப்படி அவர் என்னைப் பேசியது அந்த ஒருதரம்தான். "நோட்டீஸுக்குக் காசு. அது எதுக்கு? பஸ்ஸேறிப் போயி, வாசல்ல நின்னு, 'தப்பா நெனச்சிட்டேன், வீட்ட நான் எடுத்துக்கிறவா'ன்னு கேளு. அந்தாளு குடுப்பாரு. பிங்க் பஸ்ஸுல லேடீஸுக்கு டிக்கெட்டும் இல்ல. இதவிடச் செலவு கம்மியா எனக்கு ஒண்ணும் தெரியாதுத்தா."

அன்றைக்கே பிங்க் பஸ் ஏறினேன். கண்டக்டர் காசில்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு முந்தின ஸ்டாப் எங்கள் வீட்டு ஸ்டாப். ரோட்டைப் பார்த்த வீடுதான், அடுப்படி ஜன்னல் பஸ்ஸிலிருந்தே தெரியும். அன்று மழை தூறிக்கொண்டிருந்ததால் உள்ளே லைட் எரிந்தது. முருகேசன் சமைத்துக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிட உயரமாகத் தெரிந்தார். பலகைமேல் நிற்கிறார் என்பது தெரிந்தது. எதையோ எடுக்கத் திரும்பியவர் குனிந்து பார்த்துப் பதனமாக இறங்கினார், மறுபடி ஏறினார்.

"இறங்குறீகளாம்மா?" என்றார் கண்டக்டர்.

நான் எழுந்தேன். படிவரை போனேன். வாசலில் நின்று என்ன சொல்வது? நீ எனக்கு நல்லது செய்ய நினைத்தபோது நான் உன்னைத் திருடன் என்று நினைத்தேன் என்று சொல்லவேண்டும். வேறு எந்த வார்த்தை சொன்னாலும் பொய்யாகிவிடும். அத்தனை வருஷம் கூட இருந்துவிட்டு, அந்த ஆளை எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. வெட்கம் காலைப் பிடித்துக்கொண்டது.

"இல்ல, அடுத்தது," என்றேன்.

அதற்குப் பிறகும், தீர்ப்புக்குக் காத்திருந்த அந்த மாதங்களில் அந்த பஸ்ஸில் பலதடவை போனேன், வந்தேன். ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு இறங்கிவிடுவது என்றுதான் ஏறுவேன்.

நான் ஒன்றும் பாழாய்ப் போய்விடவில்லை. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். பன்னீர் திராட்சைக்கு எப்போது கவாத்து, எப்போது மருந்து, மழை பெய்தால் எப்படிப் பழம் வெடிக்கும் என்பதெல்லாம் தெரியும். கடன் அடைந்துவிட்டது. பைபாஸ் பேச்சு டீக்கடையோடு நின்றுபோயிற்று. மகள் காலேஜ் படிக்கிறாள், லீவில் பாதி நாள் அப்பா வீட்டில் இருக்கிறாள். இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன், இன்னும் குனிந்துதான் சமைக்கிறேன். இடுப்பு வலிக்கும்போதெல்லாம் முகம் சூடாகிறது. முழங்கால் வலியில் மாடிப்படி ஏறமுடியாமல் போனபோது வக்கீலம்மா அந்த அறையைக் காலி செய்துவிட்டு, குமுளிக்கு அந்தப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று சொன்னார்கள். இன்சூரன்ஸ் பலகை மட்டும் இன்னும் தொங்குகிறது.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது தீர்ப்பு நாளில். கோர்ட்டில் கேட்டதற்கு இரண்டு பேரும் சம்மதம் என்று சொன்னோம், வெளியே வந்தோம். முருகேசன் என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கைப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார்.

காகிதம் வாங்கிக்கொள்ள வக்கீலம்மாவின் அறைக்குப் போனேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. நான் வருவேன் என்று முன்னாலேயே போட்டு வைத்திருந்தார் போலிருக்கிறது. காகிதத்தைக் கொடுத்துவிட்டு, மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"போனியாத்தா?"

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"பஸ் கெடைக்கல வக்கீலம்மா," என்றேன்.

ஜன்னலுக்குக் கீழே, டயர் கடை வாசலில், கம்பம் போகிற பிங்க் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். வக்கீலம்மாவுக்கும் கேட்டது, எனக்கும் கேட்டது.

"மதி," என்றார். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினார்.